கிளஸ்டரை நம் மாடியிலேயே படுத்தி எடுத்துவிடுங்கள்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டு மாடிதான் என் பட்டறை. கல்லூரிகளுக்கும் டிசைன் கம்பெனிகளுக்கும் எட்டு நோடு, பதினாறு நோடு என்று சின்ன கிளஸ்டர்கள், அதாவது பல கணினிகளை (நோடுகளை) நெட்வொர்க்கில் கோத்து ஒரே பெரிய கணினிபோல ஓட்டும் தொகுப்புகள், கட்டிக் கொடுக்கிறேன். ரேக்கில் மாட்டி வயர் இழுப்பது இரண்டு நாள் வேலை. அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்த ரேக் மாடியில் கிடந்து என்னிடம் பாடுபடும்.

வாடிக்கையாளர் எத்தனை கோர் (ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பிரிவு) வேண்டும் என்றுதான் பேச்சைத் தொடங்குவார். எதை ஓட்டப்போகிறீர்கள் என்று நீங்கள் கேளுங்கள். ஓபன்ஃபோம் மாதிரி மென்பொருளில் காற்றோட்டம், நீரோட்டம் கணக்கிடுகிறவருக்கு மெமரி வேகம்தான் உயிர். கோரை மட்டும் கூட்டினால் எல்லாம் ரேஷன் கடை வரிசைபோல மெமரி வாசலில் நிற்கும். ஆகவே மெமரி சேனல் (ப்ராசசருக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை) அதிகமுள்ள ப்ராசசர் எடுத்து, எல்லாச் சேனலையும் நிரப்புங்கள். பிழையைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி மெமரியில் பேரம் பேசாதீர்கள். நோடுகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசும் வேலையென்றால் இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக நெட்வொர்க் வேண்டும். சாதாரண கிகாபிட் ஈதர்நெட்டில் பல பத்து மைக்ரோ விநாடி எடுக்கும் சின்னச் செய்தி, இதில் ஒன்றிரண்டு மைக்ரோ விநாடியில் போய்விடும். தனித்தனியாக ஓடும் ஆயிரம் வேலைகள்தான் என்றால், அந்தக் காசுக்கு இரண்டு நோடு கூடுதலாக வாங்கிக் கொடுங்கள்.

பயாஸ் பதிப்பு, அதன் செட்டிங், லினக்ஸ் இமேஜ் மூன்றும் எல்லா நோடிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கட்டும். குரோனி என்ற மென்பொருள் போட்டு நேரத்தை ஒத்திசையுங்கள். கடிகாரம் சில நிமிடம் விலகினாலே நோடுகளின் அடையாளத்தைச் சரிபார்க்கும் மன்ஜ் அதை ஏற்காது, வேலைகளை நோடுகளுக்குப் பங்கிடும் ஸ்லர்ம் முரண்டு பிடிக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். முதல் இரவு முழுக்க மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட். அடுத்து ஒவ்வொரு நோடிலும் தனியாக லின்பேக், அதாவது பெரிய சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கவைத்து வேகத்தை அளக்கும் சோதனை. மெமரியில் 80 சதவீதம் நிரம்பும்படி கணக்கின் அளவை வையுங்கள்: 64 ஜிபி நோடு என்றால் N (சமன்பாடுகளின் எண்ணிக்கை) சுமார் 82,700. வரும் எண் பெரிதா சிறிதா என்பதைவிட, பதினாறும் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை பதினைந்து நோடு ஒரே மாதிரி ஓட, ஒன்று மட்டும் 7 சதவீதம் பின்தங்கியது. ப்ராசசர் 94 டிகிரி. கழற்றிப் பார்த்தால் ஹீட்சிங்க் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருந்தது. மாட்டியவன் நான்தான்! மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனையையும் விடாதீர்கள். மெமரிக் குச்சி தப்பான ஸ்லாட்டில் இருந்தால் லின்பேக்கைவிட அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஈசிசி திருத்திய பிழைகள் லாகில் சேர்ந்துகொண்டே போகும் குச்சியை, இப்போது ஓடுகிறதே என்று விடாமல் மாற்றி வாங்குங்கள்.

பிறகு நோடுகளை இரண்டிரண்டாக இணைத்து நெட்வொர்க் வேகம் பாருங்கள். பதினாறுக்கு 120 ஜோடி. ஸ்கிரிப்ட் எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரே நோடு வரும் ஜோடிகளெல்லாம் சுணங்கினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கடைசியில் 48 மணி நேரம் மொத்த கிளஸ்டரிலும் லின்பேக், அதற்குமேல் வாடிக்கையாளரின் சொந்த வேலையைப் பத்துத் தடவை. விடை ஒத்துவர வேண்டும், எடுக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு நோடின் வயரைப் பிடுங்குங்கள். ஸ்லர்ம் அதை ஒதுக்கிவைத்து, மற்ற வேலைகளைக் கெடுக்காமல் இருக்கிறதா? மற்றவற்றை நிர்வகிக்கும் ஹெட் நோடையும், நோடுகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் அதேபோல் பிடுங்கிப் பாருங்கள்.

இத்தனையும் செய்து கொடுத்த ஒரு கிளஸ்டர் கல்லூரி ஒன்றில் முதல் மாதமே படுத்தது. ராத்திரி கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கியது, ஜெனரேட்டரும் வந்தது. ஏசி மட்டும் தானாகத் திரும்ப ஓடாத பழைய வகை. பூட்டிய அறையில் விடியும்வரை சூடு ஏறி, ஒவ்வொரு நோடாக அணைந்துவிட்டது. எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்: “மக்கா, மிஷினுக்கு யூபிஎஸ் வச்ச. ராத்திரி ஏசிய எவன் வந்து போடுவான்?”

அன்றிலிருந்து நிறுவும் நாளில் மெயினை நானே இறக்கி, முழுச் சுமையில் ஒரு மணி நேரம் அறையில் நின்று பார்க்கிறேன். நோடுக்கு 500 வாட் என்றால் பதினாறுக்கு 8 கிலோவாட் சூடு. ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் சூட்டை வெளியே இழுக்கும். ஆக இரண்டரை டன் போதும். நான் அந்த அளவில் இரண்டு கேட்பேன். கரண்ட் வந்ததும் தானே ஓடும் வகை. அறைச் சூடு 35 டிகிரி தாண்டினால் நோடுகள் ஒழுங்காக அணையும்படி ஒரு ஸ்கிரிப்டும் உண்டு.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரம் என்றால் இன்னொரு தொல்லை. விடுமுறையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். குளிர்ந்த தகட்டில் உப்புக்காற்றின் ஈரம் படிந்து கனெக்டர் பச்சை பிடிக்கும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மறந்துவிடாதீர்கள். ஜன்னலை நிரந்தரமாக அடைக்கச் சொல்லிவிடுங்கள். ஈரப்பத மீட்டர் ஒன்றை ரேக்கிலேயே தொங்கவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது நோடு வாரியாக லின்பேக், ஸ்ட்ரீம் எண்களை அச்சடித்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அதே சோதனையை ஓட்டி, பக்கத்தில் பேனாவால் புது எண்ணை எழுதுவேன். போன வாரம் ஒரு ரேக்கில் ஐந்தாம் நோடு 3 சதவீதம் குறைந்திருந்தது. ஃபேன் மாற்ற நாளை போகிறேன்.