ஜோஹன்னஸ்பர்க் பனியில் வாழை வளர்ப்பது எப்படி?

நான் கும்பகோணத்துக்காரி. ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்கே இருக்கும் லெனேசியாவுக்குக் குடிவந்த முதல் வருஷம், பின்பக்கத்துப் பள்ள மூலையில் நாலு வாழைக்கன்று வைத்தேன். அக்டோபரில் வைத்தது, மார்ச்சில் என் தலைக்கு மேலே போய்விட்டது. ஜூன் மாதம் ஒரு காலை கதவைத் திறந்தால் புல் முழுக்க உப்புத் தூவியது போல வெள்ளை. வாழை இலை வெந்த கீரை மாதிரி கண்ணாடியாகித் தொங்கியது. பத்து மணிக்குள் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "டர்பன் இல்லே கண்ணு, இது ஜோபர்க்" என்றார்.

அவர் கடலோர ஊரான டர்பனில் பிறந்தவர். 1860 நவம்பர் 16-ம் தேதி மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் அங்கே கரைசேர்ந்ததிலிருந்து தொடங்கும் கரும்புத் தோட்டக் கதையில் அவர் குடும்பமும் உண்டு. டர்பனில் கன்றை மண்ணில் சொருகினால் போதும், கடல் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். மே முதல் ஆகஸ்ட் வரை வானம் துடைத்துவிட்டது போலக் கிடக்கும். அதே மாதங்களில்தான் உறைபனியும். குளிரும் வறட்சியும் கைகோத்து வருவதுதான் இங்கே சிக்கல்.

ஆனாலும் செய்யலாம். 'பசேல்' என்று கண்ணுக்குப் படுவது பெரிய இலைகளும், ஒன்றின் மேல் ஒன்றாக விழும் நிழலும்தான். அந்த இலை எந்த ஊர்ச் செடியில் இருந்தால் என்ன? அதனால் வாழை மாதிரி இரண்டு மூன்று செல்லங்களை மட்டும் தாங்கு தாங்கென்று தாங்கி, மீதி இடத்தைக் குளிருக்கு அஞ்சாத பெரிய இலைக்காரர்களால் நிரப்புவதுதான் என் வழி.

படி 1: தட்டு வையுங்கள்

நர்சரிக்குப் போகும் முன் ஒரு குளிர்காலத்தை வீணாக்குங்கள். வீண் இல்லை, நம்புங்கள். ஜூலையில் காற்றில்லாத, மேகமில்லாத ஓர் இரவு, ஆறேழு எவர்சில்வர் தட்டுகளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றித் தோட்டத்தில் அங்கங்கே வையுங்கள். விடிவதற்கு முன் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

என் வீட்டில் பள்ள மூலையிலும் புல்வெளி நடுவிலும் வைத்தவை கல்லாக உறைந்திருந்தன. விரலால் தட்டினால் 'டங்' என்றது. காரீ என்ற உள்ளூர் மரத்தடியில் மேலே மெல்லிய ஏடு மட்டும். வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி வைத்த தட்டில் தண்ணீர் தண்ணீராகவே ஆடியது. ஒரே வீடு, இருபது அடி இடைவெளி.

காரணம் எளியது. தெளிந்த இரவில் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. மரக்கிளை மேலே இருந்தால் அதில் கொஞ்சம் தடைபடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து ஓடித் தேங்கும். என் நாலு வாழையையும் அந்தக் குளத்துக்குள்தான் நட்டிருக்கிறேன்! சுவரோ பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெல்லத் திருப்பித் தருகிறது.

திசையில் மட்டும் கவனம். நம் ஊர்ப் பழக்கத்தில் தெற்குப் பக்கம் தேடாதீர்கள். பூமத்திய ரேகைக்குக் கீழே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து நகரும். வடக்குப் பார்த்த சுவர்தான் வெயில் சுவர். கிழக்குச் சுவரும் வேண்டாம். உறைந்த இலை மேல் விடிந்ததும் வெயில் அடித்தால் சட்டென்று உருகி, சேதம் கூடும்.

படி 2: குழி

செப்டம்பர் கடைசியில், பனி ஓய்ந்த பிறகு. மார்ச்சில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும். வடக்குச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, 60 செ.மீ. அகலமும் ஆழமும். எங்கள் பக்கம் செம்மண் களி. மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்தேன். கன்றைச் சுற்றி நாலு விரல் மேடுகட்டி, காய்ந்த இலை, வைக்கோல், மரப்பட்டை எது கிடைக்கிறதோ அதை 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விடவும், இல்லாவிட்டால் அழுகும்.

குட்டை ரகம் வாங்குங்கள். நெட்டை ரகத்தைக் காற்று நாராகக் கிழித்துவிடும், மிச்சத்தை ஆலங்கட்டி முடித்து வைக்கும். கோடையில் வாரம், பத்து நாளுக்கு ஒரு புது இலை வந்துகொண்டே இருப்பதால் கவலைப்பட வேண்டாம். பழத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தார் முற்றுவதற்குள் குளிர் வந்து நிற்கும். ஆனால் பொங்கல் இங்கே நடுக்கோடையில் வருகிறது. அன்றைக்குச் சொந்தத் தோட்டத்துத் தலைவாழை இலையில் சாப்பிட்டால் வேறென்ன வேண்டும்?

படி 3: மற்ற இலைகள்

உயரத்துக்கு இந்த நாட்டுச் செடியான நேட்டால் காட்டு வாழை. பார்த்தால் வாழை, உறவில் ஸ்ட்ரெலிட்சியா, அதாவது சொர்க்கப் பறவைப் பூ இனம். லேசான பனியைத் தாங்கும், ஆனால் முதல் இரண்டு வருஷம் போர்த்த வேண்டும். வேர் முரட்டு வேர். சுவர், குழாய், நீச்சல் குளம் எதிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளுங்கள். அதன் தம்பியைத்தான் பழைய 50 சென்ட் நாணயத்தில் பார்த்திருப்பீர்கள், ஆரஞ்சுக் கொண்டையோடு. அது இடுப்பளவுக்கு வரும்.

நடுவில் சேப்பங்கிழங்கு. டர்பன்காரர்கள் மதும்பி என்பார்கள். காய்கறிக் கடையில் முளை தெரியும் கிழங்காகப் பொறுக்கி, செப்டம்பரில் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். யானைக் காது மாதிரி இலை விரியும். பனி வந்ததும் மேலே சாய்ந்துவிடும், கிழங்கு கீழே தூங்கும். மறுபடி அக்டோபரில் எழும்.

மரத்தடி நிழலுக்குக் கிளிவியா. குவாசுலு-நேட்டால் காடுகளில் தானாக வளர்வது, குளிர்கால வறட்சி அதற்குப் பழக்கம். ஈரமான இடத்துக்கு ஆரம் லில்லி, அதுவும் உள்நாட்டுச் செடி.

வைக்கக் கூடாதவையும் உண்டு. இஞ்சி லில்லி, உண்ணிச்செடி, காட்டுக் கல்வாழை, தொட்டிக்கு ஆகாயத்தாமரை ஆகிய நாலும் இந்த நாட்டின் ஆக்கிரமிப்புச் செடிகள் பட்டியலில் இருக்கின்றன. நடுவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். "அழகா பூக்கும்" என்று யாராவது கிழங்கைக் கையில் திணித்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

நெருக்கி நடுங்கள். ஒன்றின் மூச்சு ஈரம் இன்னொன்றுக்குப் போய்ச் சேரும், மண்ணும் வெயில் படாமல் இருக்கும். தனித்தனியாகத் தள்ளி நட்டால் எல்லாம் அநாதை மாதிரி வாடும்.

படி 4: தண்ணீர்

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை காலை 6 முதல் மாலை 6 வரை தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்பது ஜோஹன்னஸ்பர்க் நகர விதி. குழாயை நம்பித் தோட்டம் போடாதீர்கள், கூரையை நம்புங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு 25 மி.மீ. இடிமழை ஒன்று வந்தால் 2,500 லிட்டர் ஜோஜோ தொட்டியை (இங்கே பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கு அதுதான் பெயர்) ஏறக்குறைய நிரப்பிவிடும்.

குளிர்காலத்தில் குளியல் தண்ணீர் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு வாளி, நண்பகலில். ஈர மண் பகலில் கூடுதல் சூட்டைப் பிடித்துவைக்கும். அதற்காகச் சேறாக்கினால் கிழங்கு அழுகும்.

படி 5: போர்வை

மே கடைசி வாரத்திலேயே தயாராகுங்கள். செடியைச் சுற்றி நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் மேலே துணி போடுங்கள். நர்சரியில் வெள்ளை ஃப்ராஸ்ட் துணி விற்கிறார்கள். எனக்குப் பழைய பருத்திச் சேலை இரண்டு மடிப்பாகப் போதுமானதாக இருந்தது. துணி தரை வரை தொங்கட்டும், தரைச் சூட்டைப் பிடிக்கத்தானே போர்த்துகிறோம். காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், இலையில் ஒட்டிய இடமெல்லாம் கருகும்.

வாழைக்கு இலையைக் காப்பாற்ற முயல்வது வீண். தண்டைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு கட்டி, உள்ளே காய்ந்த புல்லைத் திணியுங்கள்.

கறிவேப்பிலையை மண்ணில் வைக்காதீர்கள். டர்பனில் வீட்டுப் பின்னால் மரமாக நிற்பது இங்கே தொட்டிச் செடி. 40 செ.மீ. தொட்டி, மே மாதம் ஸ்டூப்புக்கு மாற்றல். ஸ்டூப் என்றால் நம் திண்ணைதான். ஜூலையில் இலை மஞ்சளாகிக் கொட்டும், செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் ஒன்றைப் போட்டேன். ஆன்ட்டி அதைக் குப்பையிலிருந்து எடுத்துப் போய் வைத்து, நவம்பரில் அதன் கொத்தையே எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

படி 6: கத்தியை எடுக்க அவசரம் வேண்டாம்

ஜூலையில் கருகிய வாழை இலைகள் பார்க்க அசிங்கமாக இருக்கும், கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். அந்தச் சருகுதான் குருத்துக்குப் போர்வை. செப்டம்பர் நடுவில், பனி நின்றது உறுதியானதும், தண்டின் உச்சியிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக வெட்டிக்கொண்டே வாருங்கள். முதலில் பழுப்புக் கூழ் வரும், நாற்றமும் வரும். அடுத்த துண்டில் வெள்ளை. அதற்கும் கீழே, நடுவில் சுண்டுவிரல் பருமனில் இளம்பச்சையாக ஒரு சுருள் தெரியும். அங்கே நிறுத்துங்கள்.