ரம்மியை விடும்போது நாம் செய்கிற கோளாறுகள்

திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம். ஆறரை மணி வாக்கில் அக்கவுண்டில் பணம் ஏறிய மெசேஜ் வரும், நான் கம்பெனிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு ஓரமாக நின்று போனில் பணம் வைத்து ரம்மி ஆட ஆரம்பிப்பேன், டீயில் ஆடை படர்வதற்குள் ஆயிரத்தைந்நூறு போயிருக்கும். இப்படி மூன்று வருஷம். அப்புறம் நிறுத்தினேன். சரியாகச் சொன்னால் ஐந்து தடவை நிறுத்தினேன், அதில் ஐந்தாவதுதான் நின்றது, இப்போது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. முதல் நான்கு தடவையும் எங்கே கோட்டை விட்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ரம்மி என்றில்லை, மூணு நம்பர் லாட்டரி, கிரிக்கெட் பெட்டிங் என்று எதை விட நினைப்பவருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதல் கோளாறு எல்லோருக்கும் தெரிந்தது: "விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திக்கறேன்." பாயிண்டுக்கு இவ்வளவு பணம் என்று வைத்து ஆடுகிற பாயிண்ட் ரம்மியில் கார்டைப் பார்த்ததுமே டிராப் பண்ணினால், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகினால், 20 பாயிண்ட் நஷ்டம், நடுவில் டிராப் பண்ணினால் 40, கடைசிவரை நின்று தோற்றால் அதிகபட்சம் 80. நிதானமாக இருக்கிற நாளில் கை மோசமாக வந்தால் இருபதோடு கழன்றுகொள்ள எனக்கும் தெரியும். ஆனால் விட்டதைப் பிடிக்க உட்கார்ந்த ராத்திரிகளில் ஒரு கையைக்கூட நான் டிராப் பண்ணியதில்லை, ஒரு ஜோக்கர் வந்தால் போதும், ஒரே ஒரு ஜோக்கர் என்று எண்பது வரைக்கும் நின்றிருக்கிறேன். ஒரு கார்டில் தவறிப்போன ஆட்டத்தை மூளை தோல்வியாக எடுத்துக்கொள்வதே இல்லை, கிட்டத்தட்ட ஜெயித்தோம் என்றுதான் பதிந்துகொள்கிறது, எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். போதாததற்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆப் நடத்துகிற கம்பெனி கமிஷன் எடுக்கிறது, அதனால் மேஜையில் இருக்கிற எல்லோருடைய பணமும் சேர்ந்து ஆட ஆடக் குறைந்துகொண்டேதான் வரும். போனது போனதுதான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆறு மாசம் பிடித்தது.

அடுத்தது, ஆப்பை அழித்துவிட்டால் ஆட்டத்தை விட்டதாக நினைத்துக்கொள்வது. நான் பதினைந்து தடவையாவது அழித்திருப்பேன், திரும்ப ஏற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகள் நாடு முழுக்கத் தடையானபோது எங்கள் செக்ஷனில் ஒரு தம்பி, "அண்ணா, இனி ஆடணும்னு நெனச்சாலும் முடியாது" என்று நிம்மதியாகச் சொன்னான். இரண்டே மாசத்தில் டெலிகிராமில் யாரோ அனுப்பிய லிங்கில் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தான். அங்கே ஜெயித்தாலும் பணம் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, புகார் சொல்லவும் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003-ல், டீக்கடை ஓரத்தில் மூணு நம்பர் இன்னமும் ஓடத்தான் செய்கிறது. சட்டம் கடையை மூடும், நம் கைப்பழக்கத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக அழிக்க வேண்டாம் என்றில்லை, அழியுங்கள். அதோடு பெட்பிளாக்கர் மாதிரி இலவசத் தடுப்பு ஆப் ஒன்றைப் போட்டு, எடுக்க முடியாதபடி காலக்கெடுவை நீளமாக வையுங்கள். 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பினால் விளம்பர மெசேஜ்கள் பெருமளவு நின்றுவிடும். டிப்ஸ் குரூப், பெட்டிங் குரூப் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வாருங்கள், "சும்மா பார்க்கத்தான்" என்று ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். நான்கு தடவை நான் தோற்றதற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: கடைசியாக ஒரு கடனை மறைத்தேன்.

மூன்றாவது தடவை நிறுத்தினபோது வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நகைக்கடன், லோன் ஆப், கிரெடிட் கார்டு, சீட்டு எடுத்த பணம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம். என் மனைவி அழவில்லை, காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினாள். கூட்டி முடித்துவிட்டு, "ஏனுங், இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா? இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க" என்றாள். "இல்ல சாமி, அவ்வளவுதான்" என்றேன். கட்டிங் மாஸ்டரிடம் கைமாத்தாக வாங்கிய அறுபதாயிரத்தைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அந்தத் தொகை நாலு லட்சத்தில் கொண்டுபோய் நிறுத்தும், அந்த எண்ணைக் கேட்கிற அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதை மட்டும் நானே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். சரி, சம்பளம் முழுக்க வீட்டுக்குப் போய்விடுகிறது, கையில் தினம் நூறு ரூபாய், அந்த அறுபதாயிரத்தை அவளுக்குத் தெரியாமல் அடைக்க எனக்குத் தெரிந்த வழி எது? மாஸ்டர் பணம் கேட்ட ஒன்பதாவது நாள் ஆப் திரும்ப போனில் இருந்தது.

அப்புறம் இதே கதையைப் பலபேரிடம் கேட்டுவிட்டேன். தொகைதான் மாறும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள், மச்சினனிடம் வாங்கியது, தங்கச்சி கம்மல், கம்பெனி அட்வான்ஸ். கடைசியில் ஆட்டம் அந்த ஓட்டை வழியாகத்தான் திரும்ப உள்ளே வருகிறது. ஆகவே பட்டியல் போடும்போது உட்கார்ந்த இடத்திலேயே முடிக்காதீர்கள். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஞாபகம் வரவர எழுதுங்கள், யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, என்றைக்குத் தவணை. நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கிற சிபில் மாதிரியான ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும், அதை எடுத்து வீட்டாருடன் சேர்ந்து பாருங்கள். ஆனால் கைமாத்தும் கந்துவட்டியும் அதில் வராது, அதை நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

வீட்டார் செய்கிற பெரிய தவறும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. இரண்டாவது தடவை என் மச்சான் ஊரிலிருந்து வந்து அப்போதிருந்த கடனை ஒரே நாளில் அடைத்துவிட்டுப் போனார். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. அடைத்த சாயங்காலமே லோன் ஆப்பிலிருந்து வாழ்த்து வந்தது, உங்கள் கடன் வரம்பு உயர்ந்திருக்கிறதாம். சூதாடுகிறவனின் கடனை மொத்தமாக அடைத்தால் அவனுக்குப் புதிதாகக் கடன் வாங்க வழி திறந்துவிட்ட மாதிரிதான். உதவுவதாக இருந்தால் பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், கடன் கொடுத்தவரிடம் நேரே கொடுங்கள், அந்தக் கணக்கை மூடிய ரசீதை வாங்குங்கள், கடனில் ஒரு பகுதியாவது அவரே மாசாமாசம் தன் சம்பளத்திலிருந்து கட்டட்டும். கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீட்டர் வட்டி இருந்தால் அதைத்தான் முதலில் முடிக்கப் பாருங்கள், அதீத வட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, மிரட்டினால் போலீசுக்குப் போகலாம். லோன் ஆப் ஆட்கள் போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

பணம் கைக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் சில மாசங்களுக்கு மருந்து. சம்பளம் மனைவியோ அம்மாவோ பார்க்கிற அக்கவுண்டுக்குப் போகட்டும், உங்கள் போனில் யுபிஐ வேண்டாம், கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்நூறு ரூபாய் மட்டும் இருக்கிற வேறொரு அக்கவுண்டில் வையுங்கள், கிரெடிட் கார்டை மூடிவிடுங்கள். மானக்கேடாகத்தான் இருக்கும். முப்பத்தெட்டு வயதில் பெட்ரோலுக்குப் பணம் கேட்டு வாங்குவது எனக்கும் கூசியது. ஆனால் ஆசை வந்து முட்டுகிற நேரத்தில் ஆடப் பணமே இல்லை என்றால் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணிந்துவிடுகிறது, அதற்குள் குளிக்கலாம், நடக்கலாம், யாரிடமாவது பேசலாம்.

இன்னொரு பழக்கம், குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது. தயவுசெய்து வேண்டாம். சத்தியம் பண்ணுகிறவன் அந்த நிமிஷம் உண்மையாகத்தான் பண்ணுகிறான். அது உடைகிற நாளில் ஆட்டத்தை மறைப்பதோடு "என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்ற பயத்தையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கும், அந்தப் பயத்தை மறக்கவும் அவன் ஆடத்தான் போவான். கல்யாணம் பண்ணிவைத்தால் திருந்திவிடுவான் என்று கணக்குப் போடுகிற பெற்றோருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வருகிற பெண் கொண்டுவருகிற நகை முதல் வருஷத்திலேயே அடகுக்கடையில் இருக்கும்.

ரம்மியை விட்டுவிட்டு ஷேர் மார்க்கெட்டில் ஆப்ஷன் டிரேடிங் போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், "இது சூதாட்டம் இல்லீங்க, அனாலிசிஸ்" என்பார்கள். ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) டிரேடிங் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று இருக்கிறது. பாலக்காடு போகும்போது ஒரே ஒரு கேரளா லாட்டரி, தீபாவளிக்குச் சொந்தக்காரர்களோடு பத்து ரூபாய் சீட்டு, இதெல்லாமும் அதே கணக்கில்தான் வரும். மற்றவர்கள் ஆடட்டும், நமக்கு வேண்டாம்.

உதவி கேட்பதில் நடக்கிற தவறு, எல்லாம் முடிந்துபோன பிறகு கேட்பது. "எனக்கென்ன பைத்தியமா" என்று நானும் கேட்டவன்தான். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு என்றே வைத்திருக்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் இதைக் குடி, போதை இருக்கிற அதே பிரிவுக்கு மாற்றினார்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவில் ஓபி சீட்டுப் போட்டால் போதும். மருத்துவரிடம் நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அங்கே பெரும்பாலும் பேச்சுதான், எந்த நேரம், எந்த மனநிலையில் கை போனுக்குப் போகிறது என்று தோண்டுவார்கள். எனக்கு சனிக்கிழமை ஆறரை மணி என்பது அப்படித்தான் தெரிந்தது. தூக்கமின்மை, மனச்சோர்வு, குடி கூட இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஆட்டத்தை மட்டும் பார்த்து அதை விட்டுவிட்டால் திரும்ப வந்துவிடும். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு இப்போதே 14416-க்குப் போன் பண்ணுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பும். அறுபத்தைந்து வயது வரை சீட்டுக்கட்டைத் தொடாத அப்பா திடீரென்று லாட்டரி வாங்க ஆரம்பித்தால் திட்டுவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

1957-ல் லாஸ் ஏஞ்சலஸில் சூதாட்டத்தை விட நினைத்தவர்களே கூடி ஆரம்பித்த கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற குழு இருக்கிறது, பெயர்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை, இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. அது சரிப்படாவிட்டால் உங்களைப் போல விட்டவர் ஒருவரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். ஆடாதவர்களுக்கு நம் கஷ்டம் புரியும், ஆனால் நம் பொய் புரியாது. ஆடி விட்டவனுக்கு நாம் வாயைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்.

கடைசியாக, வழுக்குவது. நிறுத்தி எட்டாவது மாசம் நான் இருநூறு ரூபாய்க்கு ஆடினேன். பழைய ஆளாக இருந்தால் "எல்லாம் போச்சு, இனி எதற்கு" என்று விடிய விடிய ஆடியிருப்பேன், எட்டு மாசத்தை ஒரே ராத்திரியில் தொலைப்பது அப்படித்தான். அன்றைக்கு அந்த இருநூறோடு எழுந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, காலண்டரில் அந்தத் தேதியில் 200 என்று எழுதிவைத்தாள். அடுத்து, என்னை மாதிரியே ஆடி விட்ட, காங்கேயம் பக்கத்து அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் திட்டவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை, "பணம் எங்கிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பழைய பேப்பர் போட்ட காசு. அன்றிலிருந்து பழைய பேப்பரை வீட்டில்தான் போடுகிறார்கள்.

இப்போதும் சனிக்கிழமை ஆறரைக்கு அவரிடமிருந்து போன் வந்துவிடும். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். போன வாரம் முழுக்க அவர் புதிதாக வாங்கிய எருமை பால் கறக்கவிடாமல் உதைக்கிற கதைதான், நான் வீடு வந்து சேருகிற வரைக்கும் முடியவில்லை.