ஜப்பானில் ஆங்கில வாத்தியார் வேலையிலிருந்து வேறு வேலைக்கு மாறுவது எப்படி?

ஹிகாஷி ஒசாகாவில் பம்புக்கான மெக்கானிக்கல் சீல் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இப்போது எனக்கு வேலை. கோயம்புத்தூர் பம்பு கம்பெனிகளுக்குக் கொட்டேஷன் அனுப்புவதும், பதில் வராவிட்டால் போன் போட்டுத் தமிழில் நச்சரிப்பதும்தான் பிழைப்பு. அதற்கு முன் 3 வருடம் நடுநிலைப் பள்ளிகளில் ஏஎல்டி, அதாவது ஜப்பானிய ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று "ரிப்பீட் ஆஃப்டர் மீ" சொல்லும் ஆள். பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு அங்கே வேறு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். கிடைத்தது. ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப் பார்த்தது. அந்தக் கதை முதல் படியிலேயே வருகிறது.

ஜப்பானுக்கு வருவது எப்படி, ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதுவது எப்படி என்பதெல்லாம் இங்கே இல்லை. ஏற்கெனவே இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வேறு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு மட்டும்.

படி 1: ஸைர்யூ கார்டை எடுங்கள்

வேலை தேடும் தளங்களைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பர்ஸில் இருக்கும் ஸைர்யூ கார்டில் (வெளிநாட்டவருக்கான தங்கும் அட்டை) காலாவதி தேதியைப் பார்க்காதீர்கள், தங்கும் தகுதி என்ன என்று பாருங்கள். பள்ளியில் ஏஎல்டியாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் "க்யோஇகு" (கல்வி) என்று இருக்கும். எய்கைவா எனப்படும் தனியார் ஆங்கிலப் பேச்சு வகுப்புகளில் இருப்பவர்களுக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கும். அதை எல்லோரும் சுருக்கி "கிஜின்கொகு" என்பார்கள். செய்வது ஒரே வேலை, தகுதி மட்டும் வேறு வேறு.

கிஜின்கொகு இருந்தால் மொழிபெயர்ப்பு, ஏற்றுமதி விற்பனை, ஐடி போன்ற வேலைகளுக்கு அதே கார்டோடு போகலாம். படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். க்யோஇகு என்றால் தகுதி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அனுமதி வரும்வரை கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது.

நான் சறுக்கியது இங்கேதான். பிப்ரவரி தொடக்கத்தில் நைதெய் (வேலை உறுதி) கையில் வந்துவிட்டது. பள்ளி ஒப்பந்தம் மார்ச் 31 வரை, கம்பெனியில் ஏப்ரல் 1 சேர வேண்டும். கார்டில் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி. விசாதான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். கம்பெனியில் கார்டை நகல் எடுத்தவரும் தேதியை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார். மார்ச் நடுவில், மதியச் சாப்பாட்டின்போது இன்னொரு பள்ளியின் ஏஎல்டி சாதாரணமாகக் கேட்டார்: "தகுதியை மாத்திட்டியா?" வயிற்றில் புளியைக் கரைத்தது.

மறு வாரமே காஸ்மோஸ்குவேர் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ஒசாகா குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். அனுமதி வர 7 வாரம் ஆனது. அதுவரை சம்பளம் கிடையாது. கம்பெனி காத்திருந்தது என் அதிர்ஷ்டம். நைதெய் வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

கம்பெனி தர வேண்டியவை: வேலை ஒப்பந்தம், நிறுவனப் பதிவுச் சான்று, கணக்கு அறிக்கை, வருமான வரி பிடித்தம் பற்றிய தொகுப்பு அறிக்கை. பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனி என்றால் காகிதம் குறைவு. எங்களைப் போன்ற பட்டறைக் கம்பெனி என்றால் கோப்பு தடியாகிவிடும்.

நீங்கள் தர வேண்டியதில் முக்கியமானது பட்டச் சான்றிதழ். என்னுடையது மதுரை வீட்டு பீரோவில் இருந்தது, கூரியரில் வரவழைத்தேன். கூடவே "ரியூஷோ" என்று ஒரு பக்கக் காரணக் கடிதம் எழுதி வையுங்கள். இந்தப் படிப்பு படித்த ஆளை இந்த வேலைக்கு ஏன் எடுக்கிறார்கள் என்று அதில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு, துபாஷி வேலைக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவாக இருந்தாலும் ஏற்பார்கள். இலக்கியம் படித்தவர்களுக்கு அதுதான் வாசல். ஒப்பந்தத்தில் வேலை விவரம் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். எனக்கு வந்த முதல் பிரதியில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் போடுகிற மாதிரி "பேக்கிங், கிடங்கு வேலை" என்று இருந்தது. நான் செய்யப்போகாத வேலை அது, கிஜின்கொகுவில் அடங்கவும் அடங்காது. திருத்தி வாங்கினேன்.

கட்டணம் 2025 ஏப்ரலில் 4,000 யென்னிலிருந்து 6,000 ஆனது (இணையம் வழியாக என்றால் 5,500). அனுமதி கிடைத்த பிறகு கட்டினால் போதும்.

படி 2: ரிரெகிஷோ

ரிரெகிஷோ என்றால் வேலைக்குக் கொடுக்கும் சுயவிவரப் படிவம். கையால் எழுதினால்தான் மரியாதை என்பார்கள். நம்பாதீர்கள், நான் எக்செலில்தான் செய்தேன். சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட மாதிரிப் படிவம் போதும், துணைவர் உண்டா என்ற கேள்வியெல்லாம் அதில் இல்லை. படம் 4×3 செ.மீ. வருடத்தை ரெய்வா என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கிலோ நம் கணக்கிலோ எழுதலாம், இரண்டையும் கலக்கக் கூடாது. இதோடு "ஷொகுமு கெய்ரெகிஷோ" என்று பணி அனுபவத்தை விரிவாகச் சொல்லும் தாள் ஒன்றும் வேண்டும். "ஆங்கிலம் கற்பித்தேன்" என்று அதில் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 4 பள்ளிகள், ஜப்பானிய ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரித்தது, பெற்றோர் கூட்டத்தில் மொழிபெயர்த்தது என்று எழுதினேன். நேர்காணலில் கேட்டதெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருப்பதால், அலுவலகம் முழுக்க என் அப்பாவைத்தான் "சான்" போட்டுக் கூப்பிடுகிறது. பழகிவிட்டது. ஆனால் வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கட்டகனா எழுத்தில் பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். வங்கிக் கணக்கில் ஒரு நெடில் கோடு கூடுதலாக இருந்ததை மறந்து எழுதிக் கொடுத்ததில், என் முதல் சம்பளம் திரும்பிப் போனது.

படி 3: எங்கே தேடுவது

ஜப்பானிய மொழி ஜேஎல்பிடியின் என்2 நிலை அளவு இருந்தால் தைஜாப், வான்டெட்லி என்ற வேலை தேடும் தளங்கள் இரண்டும் எனக்குப் பிடித்தவை. கைஜின்பாட் தளத்தில் மறுபடியும் வாத்தியார் வேலைகளே நிறைய வரும். நான் அதிகம் பரிந்துரைப்பது இலவச அரசு சேவையான ஹலோ வொர்க்கைத்தான். ஒசாகாவில் உமெதாவிலும் டோக்கியோவில் யொத்சுயாவிலும் வெளிநாட்டவர்களுக்கென்றே வேலைவாய்ப்பு மையங்கள் உண்டு. சின்ன கம்பெனிகள் காசு கொடுத்து விளம்பரம் செய்யாமல் இங்கேதான் ஆள் கேட்கும். எனக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான்.

வேலையை விட்டுவிட்டு நிதானமாகத் தேடலாம் என்று நினைக்காதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் 3 மாதம் அந்தத் தகுதிக்குரிய வேலை செய்யாமல் இருந்தால், தகுதியையே ரத்து செய்ய முடியும்.

படி 4: 14 நாள்

பழைய இடத்தை விட்டதும் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும், புதிய இடத்தில் சேர்ந்ததும் அப்படியே. இணையத்தில் ஐந்து நிமிட வேலை. க்யோஇகுவுக்கு ஒரு படிவம், கிஜின்கொகுவுக்கு வேறு படிவம். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "என்னிடம் டிகிரியே இல்லை, ஐடி வேலைக்குப் போக முடியுமா?" என்று கேட்டிருந்தார். பொதுவாக 10 வருட அனுபவம் காட்ட வேண்டும். ஆனால் நம் ஊர் நீலிட் (பழைய டோயெக்) கணினித் தேர்வில் ஏ, பி, சி நிலைகளில் ஒன்றைத் தேறியிருந்தால், ஐடி வேலைக்கு அந்த நிபந்தனை இல்லை. ஜப்பான் அங்கீகரித்த வெளிநாட்டுத் தேர்வுப் பட்டியலில் அது இருக்கிறது.

இன்னொருவர், கணவரின் விசாவில் குடும்பத் தகுதியோடு வந்தவர். அவர் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முழுநேர வேலை கிடைத்தால் மேலே சொன்ன அதே தகுதி மாற்றம்தான், அதே ரியூஷோதான். என்னுடைய ரியூஷோவைப் பெயர், விவரங்களை எடுத்துவிட்டு அவருக்கு மாதிரியாக அனுப்பியிருக்கிறேன்.