கடனீரேரிக் கரையில் தொலைநோக்கிக்கு ஏற்ற முக்காலியைத் தேர்ந்தெடுத்தல்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்துக்கு அப்பால், கடனீரேரியின் சேற்றுத் திட்டுகளில் இரை தேடும் சிறு பறவைகளில் கொசு உள்ளான் எது, வளைமூக்கு உள்ளான் எது என்று பிரித்தறிய விரும்புகிறவர்கள், 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் ஸ்பொட்டிங் ஸ்கோப் என்னும் ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றைத் தேடி வாங்கிய பின்னர், மிஞ்சிய பணத்தில் ஏதாவதொரு முக்காலியை வாங்கிவிடுகிறார்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. 8 அல்லது 10 மடங்கு பெருக்கும் இருகண் தொலைநோக்கியைக் கையில் பிடித்தே பார்க்கலாம். 60 மடங்கிலோ பறவை எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு நடுக்கமும் பெரிதாகிறது. வளைமூக்கு உள்ளானின் அலகில் உள்ள அந்த வளைவு, ஆடும் முக்காலியில் எத்தனை விலையுயர்ந்த வில்லையினூடாகப் பார்த்தாலும் தெரியாது.

முதலில் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு காலும் மூன்று துண்டுகளாக நீளும் முக்காலி, நான்கு துண்டுகளாக நீளுவதைவிடப் பொதுவாக உறுதியானது. துண்டு கூடக் கூடக் கீழ்க்குழாய் மெலிகிறது, பூட்டுகளும் பெருகுகின்றன. கீழ்க்குழாய் உங்கள் பெருவிரலைவிட மெல்லியதாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தாங்கு எடையை அப்படியே நம்பக்கூடாது; அது முக்காலி முறியாமல் தாங்கும் எடையைக் குறிக்கலாம், அசையாமல் தாங்கும் எடையை அல்ல. தொலைநோக்கியும், அதைப் பொருத்தித் திருப்பும் தலைப்பகுதியும் சேர்ந்த எடையின் இருமடங்கையாவது தாங்கும் என்று சொல்லப்படுவதையே எடுங்கள். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: கால்களை முழுமையாக நீட்டி, உங்கள் தொலைநோக்கியைப் பொருத்தி, கூடிய பெருக்கத்தில் தெருவின் மறுபக்கத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்தபடி ஒரு காலை விரலால் தட்டுங்கள். எழுத்துகள் ஓரிரு விநாடிக்குள் நிலைத்தால் நல்லது; அதற்குமேல் ஆடிக்கொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நடுத்தண்டு முக்காலியின் மிகப் பலவீனமான பகுதி. அதை உயர்த்தியவுடன் மூன்று கால்களின் மேல் ஒற்றைக்கால் ஒன்றை நட்டதாகிவிடுகிறது. ஆகவே நடுத்தண்டை உயர்த்தாமலே போதிய உயரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கண்வில்லை சாய்வாக அமைந்த தொலைநோக்கியானால் குனிந்து பார்க்கலாம் என்பதால் நெஞ்சளவு உயரமே போதும். உயரம் வேறுபட்ட பலர் மாறி மாறிப் பார்ப்பதற்கும் அது வசதியானது. நேர்க்கண்வில்லைக்குக் கண்மட்டம் வரை வேண்டும், அதனால் முக்காலியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

தலைப்பகுதியில் பலர் ஏமாறுகிறார்கள். நிழற்படக்காரர் விரும்பும் போல் ஹெட், பூட்டைத் தளர்த்தியதும் எல்லாப் பக்கமும் சரியும். பறந்து செல்லும் பூநாரைக் கூட்டத்தைத் தொடர்வதற்கு அது உதவாது. கைப்பிடியுடன் கூடிய, கிடையாகவும் மேல்கீழாகவும் மட்டும் வழுக்கித் திரும்பும் புளூயிட் ஹெட்தான் பொருத்தமானது. கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்துவதும் இந்த வகையே. அவர்களில் பழையதை விற்க யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரித்துப் பார்ப்பது புதிய மலிவான ஒன்றை வாங்குவதைவிட நல்லது. தொலைநோக்கியின் அடியிலுள்ள துளை கால் அங்குலத் திருகுக்கு உரியதா, எட்டில் மூன்று அங்குலத் திருகுக்கு உரியதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

காபன் நார் முக்காலி எடை குறைந்தது, அதிர்வையும் விரைவாக அடக்கும், ஆனால் விலை கூடியது. மண்டைதீவு, அராலி, தொண்டைமானாறு போன்ற இடங்களில் வீதியோரத்திலிருந்தே நிறையப் பார்க்கலாம் என்பதால், பாரமான அலுமினிய முக்காலியே நம்மில் பெரும்பாலோருக்குப் போதும். காற்றில் அந்தப் பாரம் நன்மையும்கூட. சுண்டிக்குளம் மணலில் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு மட்டுமே காபன் நாருக்குச் செலவிடுவது தகும்.

வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில் மறைப்பற்ற வெளியில் வாடைக்காற்று முக்காலியை விடாது தள்ளும். அப்போது பருத்த மேற்குழாய்களை மட்டும் நீட்டி, கால்களை அகல விரித்து, சிறு கதிரையில் அமர்ந்து பாருங்கள். நடுத்தண்டின் அடியிலுள்ள கொக்கியில் பை தொங்கவிடுவதானால் அதன் அடி நிலத்தைத் தொட்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை ஆட்டத்தைக் கூட்டிவிடும். பேருந்துகள் ஓடும் பாலவீதியில், தாரின் விளிம்பை விட்டு விலகி மண்ணில் ஊன்றுங்கள். சேற்றில் கால்கள் புதையாமலிருக்க ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிரட்டையை வாய் மேலாக வையுங்கள். வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின் மேல் எழும் கானல் அலையை எந்த முக்காலியும் நிறுத்தாது. காலையிலேயே போய்ப் பெருக்கத்தை 30 மடங்களவில் வைத்துக்கொள்வதே அதற்கு வழி.

உப்புநீர் பட்ட அன்றே கால்களை நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திய பின்னரே மடக்குங்கள். திருகிப் பூட்டும் வகையானால் பூட்டுகளை இடைக்கிடை கழற்றி மணலைத் துடைத்தெடுங்கள். அலுமினியக் குழாயில் இரும்புத் திருகு சேரும் இடங்களில் வெண்பொடி படிகிறதா என்று பாருங்கள்; அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.