வெளிநாட்டு ஆர்டர்: ஷிப்பிங் செலவைக் குறைக்க எங்கே கை வைப்பது?

பொருளின் விலையை ஷிப்பிங் கட்டணம் தாண்டிப் போனால் கூப்பன் தேடுவதை ஒத்திவையுங்கள். முதலில் விற்பவரிடம் கேட்க வேண்டியது பெட்டியின் அளவு. கூரியர் நிறுவனங்கள் எடைக்கு மட்டுமல்ல, பார்சல் அடைக்கும் இடத்துக்கும் காசு வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிடைப்பது வால்யூமெட்ரிக் எடை. அதற்கும் தராசில் காட்டும் எடைக்கும் இடையே எது கூடுதலோ அதற்குத்தான் பில். டிஹெச்எல், ஃபெடெக்ஸ் போன்ற எக்ஸ்பிரஸ் சேவைகளில் 5000-தான் வழக்கம். சில சேவைகள் 6000-ஆல் வகுக்கும். வருகிற எண்ணைப் பெரும்பாலும் அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றிவிடுவார்கள்.

ஒரு ஜோடி ஷூவை எடுத்துக்கொள்வோம். தராசில் 1.2 கிலோ. ஷூ பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து 38 × 26 × 17 அளவில் அனுப்பினால் கணக்கு 3.36, பில் 3.5 கிலோவுக்கு. வெளிப்பெட்டியை விட்டுவிட்டு ஷூ பெட்டியின் மேலேயே காகிதம் சுற்றினால் 35 × 23 × 14, கணக்கு 2.25, பில் 2.5 கிலோ. ஷூ பெட்டியும் வேண்டாம் என்று சொல்லி, தலைமாற்றி அடுக்கி, உறுதியான உறையில் 33 × 20 × 12 அளவுக்குக் கொண்டுவந்தால் 1.58, பில் 2 கிலோ. நீளத்தில் இன்னும் 2 செ.மீ. குறைத்துவிட்டால் 1.49, பில் 1.5 கிலோவில் நின்றுவிடும். இரண்டு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ காசு! ஆனால் கண்ணாடி, லென்ஸ், மின்னணுப் பொருட்களில் இந்த வேலை வேண்டாம். திருப்பி அனுப்பும்போது அசல் பெட்டி கேட்கும் கடைகளிலும் வேண்டாம்.

ஆகவே ஆர்டர் போடுமுன் மூன்று கேள்விகள்: பேக் செய்த பிறகு அளவும் எடையும் என்ன? எந்தச் சேவையில் அனுப்புகிறீர்கள்? தபாலில் அனுப்ப முடியுமா? மூன்றாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். பல கடைகளின் செக்அவுட் பக்கம் எக்ஸ்பிரஸ் ஒன்றையே காட்டும். அவர்களால் தபாலில் அனுப்ப முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த வசதியைப் பக்கத்தில் சேர்க்காமல் விட்டிருக்கலாம்.

தபாலில் 'சிறு பொட்டலம்' என்ற வகைக்கு உலகம் முழுவதும் வரம்பு 2 கிலோ. மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 90 செ.மீ.க்குள், நீண்ட பக்கம் 60 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சுருட்டி அனுப்பும் போஸ்டர் போன்றவற்றுக்குக் குழாயின் நீளத்தோடு விட்டத்தின் இரு மடங்கைக் கூட்டினால் 104 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. நீளம் 90 செ.மீ.க்குள் வேண்டும். இந்த வகையில் பெரும்பாலும் தராசு எடைதான் கணக்கு. எனவே இடத்தை அடைக்கும் லேசான பொருளுக்குத் தபால் லாபம். சின்னதாக, கனமாக இருப்பதற்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ட்ராக்கிங் இல்லாத மலிவு வகையை மட்டும் எடுக்காதீர்கள். பொருள் வரவில்லை என்று புகார் கொடுக்கும்போது கையில் எதுவும் இருக்காது.

தபாலும் பழைய விலையில் இல்லை என்பது உண்மை. நாடுகளின் தபால் துறைகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் கட்டணத்தை உலகத் தபால் ஒன்றியம் 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் மாற்றியது. அதன்படி அமெரிக்கா 2020 ஜூலை முதல் தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கத் தொடங்கியது. ஏறக்குறைய இலவசமாகவே பொட்டலம் வந்த காலம் திரும்பும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஒரே கடையில் பல பொருட்கள் வாங்கினால் தனித்தனியாகப் பணம் கட்டாதீர்கள். கட்டணத்தில் முதல் அரைக் கிலோதான் விலை அதிகம். அதற்கு மேல் ஒவ்வொரு அரைக் கிலோவும் அதைவிடக் குறைவு. கார்ட் பொருளுக்குப் பொருள் ஷிப்பிங் சேர்த்துக் காட்டினால், பணம் கட்டுமுன் ஒருங்கிணைந்த பில் கேளுங்கள். கட்டிய பிறகு திருப்பிக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

வெவ்வேறு கடைகள் என்றால் ஃபார்வர்டர் உதவுவார். கடைகள் இருக்கும் நாட்டில் ஒரு முகவரி தந்து, பொட்டலங்களைச் சேர்த்து ஒன்றாக அனுப்புவார். ஒற்றைப் பொருளுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. மறுபேக்கிங், சேர்ப்புக் கட்டணம், நாள் கடந்தால் கிடங்கு வாடகை என்று ஏறிக்கொண்டே போகும். 'வெளிப்பெட்டிகளை எடுத்துவிடுங்கள், பில்களை எடுக்காதீர்கள்' என்று எழுத்தில் சொல்லுங்கள். பில் இல்லாத பார்சல் சுங்கத்தில் நிற்கும். இன்னொன்று, பொருள் ஃபார்வர்டர் கைக்குப் போனதோடு வாங்குபவருக்கான பாதுகாப்பைப் பல தளங்கள் முடித்துக்கொள்கின்றன. விலை உயர்ந்ததை இந்த வழியில் வரவழைக்குமுன் யோசியுங்கள்.

பவர் பேங்க், உதிரி பேட்டரி, பெர்ஃப்யூம், ஸ்ப்ரே இவற்றைத் தனி ஆர்டராகப் பிரியுங்கள். தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் பேட்டரி 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக முடியாது. சேர்த்து அனுப்பும் பொருட்களில் ஒன்று இப்படி இருந்தால் பார்சல் முழுவதும் ஆபத்துப் பொருள் கட்டணத்துக்குப் போகும், இல்லையென்றால் திரும்பி வரும்.

சுங்க வரியும் ஷிப்பிங்கோடு பின்னிக் கிடக்கிறது. பல நாடுகள் பொருள் விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் மூன்றையும் கூட்டி, அந்தத் தொகைக்கு வரி போடுகின்றன. ஷிப்பிங் குறைந்தால் வரியும் குறையும். வரியை விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் முறைக்கு டிடிபி என்று பெயர். அது இல்லையென்றால் கூரியர் வரியைத் தானே கட்டிவிட்டு, அதற்கொரு கையாளும் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வாங்கும். சின்ன ஆர்டரில் அந்தக் கட்டணம் வரியையே மிஞ்சுவதுண்டு. வரிவிலக்கு வரம்பைப் பழைய தகவலை நம்பிக் கணக்கிடாதீர்கள்; அமெரிக்காவின் 800 டாலர் விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. உங்கள் நாட்டுச் சுங்கத் துறையின் தளத்தை ஆர்டர் போடும் அன்றே பாருங்கள். விலையைக் குறைத்து எழுது, 'பரிசு' என்று போடு என்று விற்பவரிடம் சொல்லவே வேண்டாம். பிடிபட்டால் அபராதம், தொலைந்தால் எழுதிய தொகைக்குத்தான் இழப்பீடு.

கடைசியில் பில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தால் அளவைச் சரிபாருங்கள். கூரியர் கிடங்கில் பெட்டியை மறுபடி அளப்பார்கள்; புடைத்த பக்கம், பிதுங்கிய டேப் எல்லாம் கணக்கில் சேரும். ஃபார்வர்டரிடம் பெட்டியில் அளவு டேப் பிடித்து எடுத்த படங்களை, பணம் கட்டுமுன்பே வாங்கிவையுங்கள். அரைக் கிலோ எல்லையை ஒட்டி எண் நின்றால், பெட்டியை மாற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.