மொட்டை மாடியில் பாய்மரப் படகு: எந்தப் பாகம் எதற்கு?

மதுரைக்காரர்களுக்குத் தெப்பம் தெரியும். தை மாதம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் வடம் பிடித்து இழுப்பார்கள். காற்றுக்கு அங்கே வேலையில்லை. பாய்மரப் படகுக்குக் காற்றுதான் எல்லாம். காற்று தள்ளாத திசைக்கும் அது போகும். எப்படி என்று புரிய, பொம்மை ஒன்று செய்து பார்த்துவிடுவது நல்லது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று வேண்டாம், இளங்காற்று போதும்.

தேவை: முழ நீளத் தெர்மாகோல், இரண்டு மூங்கில் குச்சி, பால் கவர், பழைய பிளாஸ்டிக் ஸ்கேல், நூல், இரும்பு நட்டு, அகலமான தொட்டி.

முதலில் தெர்மாகோலின் ஒரு முனையைக் கூராக வெட்டுங்கள். இது படகின் உடல்.

நடுவுக்குச் சற்று முன்னால் ஒரு குச்சியை நட்டால் பாய்மரம். அதன் உச்சியிலிருந்து முனைக்கும் இரு ஓரங்களுக்கும் நூல் கட்டுங்கள். நிஜப் படகில் இவை எஃகு வயர்கள். பாய்மரம் சாயாமல் பிடித்துக்கொள்வது இவைதான்.

அடுத்த குச்சியைப் பாய்மரத்தின் அடியில் பின்பக்கமாகப் படுக்கவைத்து, இரு பக்கமும் ஆடும்படி தளர்வாகக் கட்டுங்கள். இது பூம். பால் கவரை முக்கோணமாக வெட்டி, ஓர் ஓரத்தைப் பாய்மரத்திலும் கீழ் ஓரத்தைப் பூமிலும் ஒட்டினால் பாய் தயார். பூமின் கடைசியில் ஒரு நூலைக் கட்டிப் படகோடு பிணையுங்கள். நூலை இழுத்தால் பாய் உள்ளே வரும், தளர்த்தினால் வெளியே போகும். ஓட்டுபவர் கையில் எந்நேரமும் இருப்பது இந்தக் கயிறுதான்.

சரி, தண்ணீரில் விடுங்கள். பாய் பாதி விரிந்திருக்கட்டும், காற்று பக்கவாட்டில் படட்டும். படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும், இல்லையென்றால் கவிழும். இப்போது ஸ்கேலை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை அடியில் செங்குத்தாகச் செருகி, அதன் நுனியில் நட்டைக் கட்டுங்கள். இது கீல். மறுபடி விட்டால் முன்னே நகரும். பாயில் படும் காற்று படகைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது, கொஞ்சம் முன்னேயும் தள்ளுகிறது. பக்கவாட்டுத் தள்ளலை ஸ்கேலின் அகலம் தாங்கிக்கொள்ள, முன்னே போவதுதான் மிச்சம். நட்டின் எடை கவிழாமல் பார்த்துக்கொள்ளும். எல்லோரும் பாயைத்தான் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை தண்ணீருக்கு அடியில்தான். பாக் நீரிணைக் கரையில் பாய் விரித்து ஓடிய வத்தை என்ற மரப் படகுகளில் இப்படி எடைக் கீல் கிடையாது. பக்கவாட்டில் நீட்டிய பலகையில் ஆளே ஏறி உட்கார்ந்து சமன் செய்வார்.

கடைசியாகச் சுக்கான். மிச்சமுள்ள ஸ்கேல் துண்டைப் பின்னால் செருகி இடப்பக்கம் திருப்பினால் முனையும் இடப்பக்கம் திரும்பும். படகு ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை, நிற்கும் படகில் அது சும்மா.

அப்புறம் முனையை நேரே காற்றுக்கு எதிராக வைத்துப் பாருங்கள். பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 45 டிகிரியாவது விலகித்தான் பெரும்பாலான படகுகள் போக முடியும். அந்தத் திசைக்கே போக வேண்டுமென்றால் கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.