துணி எடுக்கும்போது கோட்டை விடும் இடங்கள்

திருப்பூரும் ஈரோடும் பக்கத்திலேயே இருப்பது நமக்கு வசதிதான். ஆனால் வீட்டில் பீரோ நிரம்பி வழிவதற்கும் அதுதான் காரணம். திருப்பூர் காதர்பேட்டையில் டி-ஷர்ட் 150 ரூபாய் என்றால் ஒன்று எடுக்கப் போனவர் நான்கு எடுத்து வருகிறார். ஈரோட்டு கனி மார்க்கெட் சந்தையிலும், ஆடித் தள்ளுபடியிலும் இதே கதைதான். சல்லிசு என்பதற்காக எடுப்பதுதான் முதல் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ரூபாய் சட்டை பத்துத் துவைப்பில் தொளதொளத்துப் போனால், ஒரு தடவை உடுத்த 15 ரூபாய் ஆகிறது. 450 ரூபாய் சட்டை 90 துவைப்பு தாங்கினால் 5 ரூபாய்தான். இரண்டுக்கும் பருத்தி விளைய வேண்டும், நூல் நூற்க வேண்டும், சாயம் போட வேண்டும். அதில் செலவாகும் தண்ணீரிலும் கரண்டிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் ஒரு உருப்படியை எத்தனை நாள் உடுத்துகிறோம் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பச்சை இலைப் படம் போட்ட அட்டையெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த 450 ரூபாய்ச் சட்டை உண்மையிலேயே தாங்குமா என்பதை விலைச் சீட்டு சொல்லாது. துணியையும் தையலையும் நாமே பார்க்க வேண்டும்.

தொட்டுப் பார்த்து முடிவு செய்வது

வழவழவென்று இருந்தால் நல்ல துணி என்று நினைக்கிறோம். பயோ வாஷ் என்பது துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை என்சைம் கொண்டு நீக்கும் வேலை. அளவாகச் செய்தால் துணிக்கு நல்லது. அளவு மீறினால் கை வைக்க மெத்தென்று இருக்கும், துணி பலம் குறைந்திருக்கும். சிலதில் சாஃப்ட்னரே அந்த வழவழப்பைக் கொடுக்கும். இரண்டு துவைப்பில் போய்விடும்.

கடையிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம். முதலில், இரண்டு தோளையும் பிடித்துச் சட்டையைத் தொங்கவிடுங்கள். பனியன் துணியில் மேலிருந்து கீழாகப் பொடிக் கோடுகள் ஓடும். அவை பக்கத் தையலுக்கு இணையாக இறங்க வேண்டும். சாய்ந்து ஓடினால் துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். நூலில் ஏற்றிய முறுக்கு தளரப் பார்ப்பதால் வரும் கோளாறு இது. சாயத்துக்குப் பிறகு காம்பாக்டிங் என்னும், முன்கூட்டியே சுருக்கிவிடும் மெஷின் வேலையில் துணியைச் சரியாகப் படியவைக்காமல் அவசரமாக வெட்டி அனுப்பிய சரக்கில் இது அதிகம் தெரியும். அயர்ன் போட்டால் அன்றைக்கு நேராகும், அடுத்த துவைப்பில் மறுபடி திரும்பும்.

அடுத்து, சட்டையை உள்பக்கம் திருப்பித் தோள் தையலை இரு கையாலும் இழுங்கள். தையலுக்கு இடையில் ஏணிப்படி மாதிரி இடைவெளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். விளிம்பைச் சுற்றி ஓடும் ஓவர்லாக் தையலில் நான்கு நூல் ஓடியிருந்தால் மூன்று நூலைவிட உறுதி. தோளுக்கு உள்ளே டேப் வைத்திருந்தால் தோள் இழுபடாது.

மூன்றாவது ஊசி ஓட்டை. இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. மழுங்கிய ஊசியில் தைத்தால் தையலோரம் இழை அறுந்திருக்கும். புதுசில் கண்ணுக்குப் படாது. துவைத்த பிறகு அங்கிருந்து ஓட்டை விரியும். தையலை லேசாக விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரிந்துவிடும். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் என்று வரும் சரக்கில் இந்தச் சோதனையை விடவே கூடாது. மற்றபடி அந்தச் சரக்கை வாங்குவதில் தப்பில்லை. நிறம் ஒரு ஷேடு மாறியதற்காகவோ, ஆர்டர் ரத்தானதற்காகவோ ஒதுங்கிய நல்ல உருப்படிகள் அதில் நிறைய உண்டு.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அன்றாட ரவுண்ட் நெக்கிற்கு 160 முதல் 180 வரை சரியாக இருக்கும். 140-க்குக் கீழே போனால் வெளிர் நிறத்தில் உள்ளே தெரியும். சுருக்கத்துக்கும் இடம் விட்டு எடுங்கள்: 5% சுருங்கினாலே 28 அங்குல நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போய்விடும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது

சாயம் போகும் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். நிற்காது. சாயப்பட்டறையில் உப்புக்கு வேறு வேலை. பருத்தியும் அதற்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும். உப்பு போட்டால்தான் சாயம் இழைக்குள் ஏறும். பிறகு சோடா சேர்த்து அதை இழையோடு பிணைப்பார்கள். பிணையாமல் மேலே தங்கிய சாயத்தைச் சுடுநீரில் சோப்புப் போட்டு அலசி எடுக்க வேண்டும். அந்தக் கடைசி அலசலைச் சிக்கனம் பார்த்துக் குறைத்த துணிதான் நம் வீட்டு வாளியைச் சிவப்பாக்குகிறது. இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாக அலசினால் மிச்சச் சாயம் போய் நின்றுவிடும். அதற்குப் பிறகும் போனால் அது தேறாது. கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் உள்தையலில் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்துவிடுவது மேல்.

இந்த உப்பு விஷயம் நம் ஊர் விவசாயத்தோடும் சேர்ந்தது. வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும். கறுப்பு, நேவி புளூ போன்ற அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 70, 80 கிராம் வரை போகும். அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும். நொய்யலில் அப்படிச் சேர்ந்ததுதான் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கு ஆகாததாக்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின், கழிவை ஆர்.ஓ.வில் வடிகட்டித் தண்ணீரைத் திரும்ப எடுத்து, மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி வற்றவைத்து உப்பையும் மீட்கும் ஏற்பாடு இருந்தால்தான் பட்டறை மறுபடி ஓடலாம் என்றானது. அதற்கு ஆகும் செலவு துணி விலையில்தான் ஏறும். நம்பவே முடியாத விலையில் அடர்நிறத் துணி கிடைத்தால், இந்தச் செலவு எங்கே போனது என்று கேட்டுக்கொள்வது தப்பில்லை.

பெயரை நம்பி எடுப்பது

‘ஆர்கானிக்’ என்று அச்சடிக்க யாராலும் முடியும். ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்றான ஜி.ஓ.டி.எஸ். முத்திரை என்றால் ‘ஆர்கானிக்’ ரகத்தில் குறைந்தது 95%, ‘ஆர்கானிக் இழை கொண்டு செய்தது’ என்ற ரகத்தில் குறைந்தது 70% சான்று பெற்ற இழை இருக்க வேண்டும். முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். எண் இல்லாத முத்திரை வெறும் படம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 வேறு சங்கதி. துணியில் தீங்கான ரசாயனம் மிஞ்சியிருக்கிறதா என்பதற்கான சோதனை அது. பருத்தி எப்படி விளைந்தது என்று அது சொல்லாது.

மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ், அதாவது ரேயான்தான். ‘காட்டன் ஃபீல்’ என்றால் காட்டன் இல்லை என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் வீட்டில் ஓரத்து நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தி காகித வாசத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். ரேயானும் அப்படியேதான் எரியும் என்பதால் நெருப்பு அதைப் பிரித்துக் காட்டாது. நூலை நனைத்து இழுத்தால், ரேயான் சட்டென்று அறும். பருத்தி ஈரத்தில் இன்னும் கெட்டியாக நிற்கும்.

கைத்தறியிலும் ஏமாற்று உண்டு. சென்னிமலைப் பெட்ஷீட், பவானி ஜமக்காளம், நெகமம் சேலை என்று பெயர் சொல்லி விசைத்தறிச் சரக்கைக் கொடுப்பார்கள். 1985 சட்டத்தில் 11 ரகங்கள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தும் இது நடக்கிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள்; முடிந்தால் கூட்டுறவு சங்கக் கடையில் எடுங்கள்.

பழசைக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்பது

பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டை நிறம் பிரித்து, பிய்த்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் மில்லில் மறுபடி நூலாக்கும் தொழில் நம் பக்கம் நன்றாகவே நடக்கிறது. அதைப் பார்த்து, உடுத்திய துணியும் அப்படியே போய்விடும் என்று எண்ணிவிடுகிறோம். பட்டன், ஜிப், பிரிண்ட், இரண்டு மூன்று இழைக் கலப்பு எல்லாம் சேர்ந்த பழந்துணியைப் பிய்ப்பது கஷ்டம். லைக்ரா என்னும் இழுபடும் இழை கலந்தது மெஷினில் சுற்றிக்கொள்ளும். அதனால் வாங்கும்போதே ஒரே இழைத் துணியாகப் பார்த்து எடுப்பது நல்லது. கிழிந்ததையும் கறை பட்டதையும் ஆசிரமத்துக்கு மூட்டை கட்டிக் கொடுப்பது உதவியில்லை. நல்லதை மட்டும் துவைத்துக் கொடுங்கள். தேய்ந்த காட்டன் பனியனில் தடித்த தையலையும் காலரையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுப்படிக் கரித்துணிக்கு வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக இருந்தால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டரை அங்கே கொண்டுபோக வேண்டாம்.